திருகோணமலையில் ஓர் இடது முன் டயர்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் வண்டியின் டயரைத்தான். வீட்டுக்காரர் வாங்க வாங்க என்று கைகூப்பி நிற்பார், நான் அவருடைய காருக்குப் பக்கத்தில் குத்தவைத்திருப்பேன். முப்பத்தோரு வருஷம் விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு அறிக்கை எழுதிய ஆள் நான். பாளையங்கோட்டையில் கல்யாண வீட்டுக்காரர்கள், "சர்வேயர் வந்துட்டாரு, காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கப்பா" என்று கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். வண்டிக்காரன் வாய் ஆயிரம் சொல்லும், டயர் மாற்றிச் சொல்லாது என்பது என் கட்சி. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்றை அளவுக்கு மேல் அடித்திருக்கிறான். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றே பார்ப்பதில்லை. திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்து நாளாகிவிட்டது. ஒரே ஒரு சக்கரத்தில் ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் சாய்ந்து ஓடுகிறது, அடியில் ஏதோ வளைந்திருக்கிறது, அநேகமாக எங்கேயோ மோதியிருக்கிறது.

இந்த ஆகஸ்டில் நான் திருகோணமலைக்குப் போனது வண்டி பார்க்க அல்ல, ஒரு ஆளைப் பார்க்க. என் மகள் பூரணி ஓமானில் ஒரு துறைமுக அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கே மெக்கானிக்காக இருந்த நிரோஷன் என்பவரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாள். அவர் போன வருஷம் சொந்த ஊரான திருகோணமலைக்கே திரும்பி, அங்கே துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கிறார். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா. உங்களுக்குச் சரின்னு பட்டா சரி, இல்லைன்னா விட்டுரலாம்" என்றாள்.

இப்படி அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவளுடைய முதல் கல்யாணத்தையும் நான்தான் பார்த்து முடிவு செய்தேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு கார், நாலும் புது டயர். மெய்மறந்து போனேன், குனிந்து அடியில் பார்க்கவில்லை. கல்யாணமான மறுமாதத்திலிருந்து அந்த வீட்டில் அவளுடைய பொருட்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வளையல், தையல் மிஷின், கடைசியில் அவள் படித்த சான்றிதழ் வைத்திருந்த தோல்பை. பதினோரு மாதத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொழும்பு விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் நிரோஷனின் அக்கா கணவர் யோகன். ஐம்பத்தைந்து வயது, கட்டை மீசை, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர், கிளிவெட்டியில் கொஞ்சம் வயலும் உண்டு. நிரோஷனுக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்காவும் அத்தானும்தான் வளர்த்தவர்கள். "தம்பி வரவேணும் எண்டுதான் நிண்டவன் அண்ணை. கப்பல் ஒண்டு வந்திட்டுது, லீவு குடுக்கேல்லை" என்றார். நான் அதைக் காதில் வாங்கியபடியே காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். போலீஸ்காரர் வண்டியை எடு எடு என்று விரட்டியதால் குனிய முடியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தவரை டயர்கள் நன்றாக இருந்தன. பொறுப்பான மனுஷர் என்று யோகனுக்கு மனசுக்குள் மார்க் போட்டேன்.

பிறர் ஓட்டும் வண்டியில் நான் தூங்கமாட்டேன். இது தொழில் கொடுத்த நோய். இடது பக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து ஆறு மணி நேரமும் ரோட்டையும் யோகனின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரான ரோட்டிலும் அவர் ஸ்டீயரிங்கைச் சற்று இடது பக்கம் திருப்பியே பிடித்திருந்தார். சிலருக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு, என் மைத்துனர்கூட அப்படித்தான் ஓட்டுவார், அதனால் விட்டுவிட்டேன். "ஏசி காணுமோ அண்ணை? கூட்டிவிடட்டோ? இந்தக் கச்சான் காத்துக்கு ஏசி இல்லாமல் ஏலாது" என்று பத்து தடவை கேட்டிருப்பார். கச்சான் என்பது ஆடி ஆவணியில் மேற்கிலிருந்து வீசும் வெக்கைக் காற்று. வழியில் ஒரு கடையில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது அது முகத்தில் அறைந்தது. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்துக்கு அண்ணன் முறை.

வீடு உள்துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. யோகனின் மனைவி வதனி, அதாவது நிரோஷனின் அக்கா, இடியப்பமும் சொதியும் பரிமாறினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி என்றால் மறுவீட்டு விருந்து. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது இலைக்கு வரும். நான் இன்னும் மாப்பிள்ளையையே பார்க்கவில்லை, அதற்குள்ளா? சொன்னபோது வதனி சிரித்துவிட்டார். "இஞ்ச காலமையும் சொதி, இரவும் சொதி அண்ணை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

ஐந்தரைக்கு நிரோஷன் வேலை முடிந்து வந்தார். ஒல்லியான உடம்பு, விரல் இடுக்கில் கிரீஸ் கறை, பேச்சு ரொம்பக் குறைவு. அவர் வந்த கார் யோகனுடையதைப் போலவே அதே ஜப்பான் மாடல், வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறம். காரை நிறுத்தும்போது முன்சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினார். அதில் இடது முன் டயரின் உட்புறம் என் கண்ணுக்கு நேராக வந்தது.

கையில் இருந்த தண்ணீர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் குனிந்தேன். வெளி ஓரத்தில் பட்டைகள் ஆழமாக இருந்தன. உள் ஓரம் மொட்டை. விரலால் தடவினேன், இன்னும் கொஞ்சம் ஓடினால் கம்பி தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட டயர்தான் கடும் வெயிலில் வேகமாகப் போகும்போது வெடிக்கும். வலது முன் டயரைப் பார்த்தேன், சமமாகத் தேய்ந்திருந்தது. அப்படியானால் இடது சக்கரம் சாய்ந்திருக்கிறது, எங்கோ மோதியிருக்கிறது.

"தம்பி, இந்த இடது முன் டயரைப் பார்த்தீங்களா?"

"ஓம் அங்கிள், பாத்தனான். மாத்த வேணும்."

அங்கே டயரை ரயர் என்றும் சக்கரத்தைச் சில்லு என்றும் சொல்கிறார்கள். அவர் அந்த ரயரைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோகன் திடீரென்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். வதனி, "சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்று கூப்பிட்டார். நான் வந்து அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

மறுநாள் நிரோஷனுக்கு ஓய்வு நாள். கோயிலுக்குப் போகலாம் என்று அவருடைய காரில் கூட்டிப்போனார். அதில் ஏசி வேலை செய்யவில்லை. நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டார், கச்சான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காத்திருந்தேன். இழுக்கவே இல்லை. ஊரைக் காட்ட உப்புவெளிப் பக்கம் போனபோது, ஆளில்லாத நேர் ரோட்டில், "கொஞ்சம் கையை எடுங்க தம்பி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. டயர் ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் இதற்கு ஒரு விளக்கம்தான் கண்டிருக்கிறேன். வண்டி அடிபட்டிருக்கிறது, சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறார்கள், டயரை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அதாவது எதையோ மறைக்கிறார்கள்.

கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் மான்கள் நின்றன. நம் ஊரில் தெருவில் மாடு நிற்பதுபோல அங்கே புள்ளிமான்கள் கடை வாசலில் நின்று வாழைப்பழத் தோலுக்கு அடிபோடுகின்றன. நான் மானைப் பார்க்கவில்லை. தென்பகுதியிலிருந்து வந்த சிங்கள யாத்திரிகர்களின் வேன் ஒன்றின் பின் டயர் நடுவில் தேய்ந்திருந்தது, அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேனுக்குள்ளிருந்து ஒரு அம்மாவும் ஐயாவும் என்னைச் சுட்டி ஏதோ பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று நிரோஷனைக் கேட்டேன். அவர் தயங்கி மொழிபெயர்த்தார். "அந்த அம்மா கேக்கிறா, இவர் பொலிஸோ எண்டு. ஐயா சொல்றார், இல்லை, காத்துப் போயிட்டுதாக்கும் எண்டு நல்ல மனசில பாக்கிறார் எண்டு." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டேன். நல்ல மனசுதான் எனக்கு அன்றைக்கு இல்லாத பொருள்.

திரும்பும் வழியில் அவருடைய கார் டிக்கியைப் பார்த்தேன். கருவிப் பெட்டி சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு ஸ்பானரிலும் மஞ்சள் பெயிண்டில் 'நி' என்று ஓர் எழுத்து. "ஜெட்டியில எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சாமான் அங்கிள். எழுதாட்டி மாறிப்போகும்" என்றார். ஜெட்டி என்று அவர் சொன்னது கப்பல் துறையை. இவ்வளவு கருத்தான பையன் மொட்டை டயரில் ஓடுவானா? நிம்மதி வருவதற்குப் பதில் சந்தேகம்தான் கூடியது. அன்று மதியம் சாப்பிட்டபின் மற்றவர்கள் கண்ணயர்ந்தார்கள், நான் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எல்லோரும் வேலைக்குப் போனபின் தனியாக ஆட்டோ பிடித்து ஊர் சுற்றக் கிளம்பினேன். ஊர் சுற்றுவதாவது. நேரே ஒரு டயர் கடைக்குப் போனேன். ஆட்டோக்காரர் வழியில் மானுக்கு நின்றார், பிறகு மாமன் மகனைப் பார்த்துப் பேச நின்றார், பிறகு பெட்ரோலுக்கு நின்றார். பாளையங்கோட்டையில் இந்தத் தூரத்துக்கு நடந்தே போயிருப்பேன். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர், நல்ல பேச்சுக்காரர். நாற்காலியை இழுத்துப்போட்டு பிளேன்டீ கொடுத்தார். சும்மா பேச்சுவாக்கில், உள்துறைமுகத் தெருவில் சாம்பல் நிறக் கார் வைத்திருக்கும் நிரோஷனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"ஜெட்டியில வேலை செய்யிற புள்ளதானே? தெரியாம? போன மாசந்தான் நாலு ரயரும் புதுசாப் போட்டவர். எண்ட கையாலதான் பூட்டின."

"நாலுமா?"

"நாலும். தூரத்து ஊரில இருந்து பொம்பிளையிட தகப்பன் வாறார், ரயர் பாக்கிற ஆளாம் எண்டு சிரிச்சவர்."

பிளேன்டீயைக் கீழே வைத்தேன். போன மாதம் நாலு புது டயர். இப்போது வண்டியில் இருப்பது மொட்டை. புதுசெல்லாம் எங்கே? விற்றுவிட்டான். வேறென்ன? வளையல் போன மாதிரி, தையல் மிஷின் போன மாதிரி. முதல் நாள் யோகனின் காரில் நாலு நல்ல டயர்கள் பார்த்தேனே, அது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை. கோபம் வந்தால் என் மூளை அப்படித்தான் வேலை செய்யும், என் மனைவி இருந்த காலத்தில் தினமும் சொல்லிக்காட்டுவாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொழிலில் எனக்கு ஒரு விதி உண்டு. வண்டிக்காரனிடம் கேட்காதே, கேட்டால் கதை சொல்வான், பார்த்து முடிவுசெய். அதனால் நிரோஷனிடம் போய், தம்பி உன் புது டயர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையில் துறைமுக ஓரத்து ரோட்டில் நடந்துகொண்டே பூரணிக்கு ஃபோன் போட்டேன்.

"வேண்டாம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. முதல் தடவை, "சரிம்மா, நல்ல இடம்" என்று நான் சொன்னபோதும் இதே குரலில்தான் சரிப்பா என்றாள். தண்ணீரில் கப்பல்கள் அசையாமல் நின்றன. நான் அந்த ரோட்டை ஆறு முறையோ ஏழு முறையோ மேலும் கீழும் நடந்தேன். சரியான முடிவை எடுத்தவனுக்கு வரவேண்டிய அமைதி எனக்கு வரவில்லை.

நாலாம் நாள் யோகன் லீவு போட்டுவிட்டு, வயலைக் காட்டுகிறேன் என்று கிளிவெட்டிக்கு அழைத்தார். அங்கே சிறுபோக அறுவடை நேரம். எப்படி மறுப்பது? காலையில் வாசலுக்கு வந்தால் நிரோஷன் யோகனின் காருக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, காற்று அளக்கும் கருவியோடு ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "தூரம் போறீங்கள், காத்துப் பாத்தனான். போயிட்டு வாங்கோ அங்கிள்" என்றார். தன் வண்டியில் மொட்டை டயர், அடுத்தவர் வண்டிக்குக் காற்றுப் பார்க்கிறானாம். எனக்கு எரிச்சலாக வந்தது. பதில் சொல்லாமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்வரை யோகன் நெல் ரகங்களைப் பற்றிப் பேசினார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். ஸ்டீயரிங் இடது பக்கம் திரும்பியே இருந்தது. வயல்வெளி தொடங்கிய இடத்தில் அவருடைய ஃபோன் அடித்தது. ஒரு கையால் சட்டைப்பையில் தேடினார், மறு கையை நீட்டி, "அந்தா தெரியுது பாருங்கோ" என்றார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இல்லை. கார் அப்படியே வலப்பக்கம் சாய்ந்து நடு ரோட்டுக்குப் போனது. எதிரே மண் ஏற்றிய லாரி. நான் கத்தவில்லை, கத்த நேரமில்லை. எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே எங்களை உரசாமல் கடந்துபோனார்.

ஒரு மருத மரத்தடியில் நிறுத்தினோம். யோகன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கை தானாகவே இடது முன் டயருக்குப் போனது. இந்தக் கார்தான் இழுக்கிறது. இந்தக் காரின் இடது சக்கரம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் டயர் புதுசு. உள் ஓரத்தைத் தடவினேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் அறுத்தது. புது டயர், அந்த ஓரம் மட்டும் இப்போதுதான் தேய ஆரம்பித்திருக்கிறது. சட்டை மண்ணில் புரளப் படுத்து அடியில் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை வளைந்திருந்தது. டயரின் உட்பக்கச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எழுத்து. நி.

மண்ணில் படுத்தபடியே, "யோகன், இது யார் டயர்?" என்று கேட்டேன்.

அவர் மரத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். "தம்பியின்ரை" என்றார்.

"எப்படி உங்க வண்டியில?"

"அண்ணை, என்ரை காரில ஏசி இருக்கு, ரயர் சரியில்லை. அவன்ரை காரில ரயர் நல்லது, ஏசி இல்லை. உங்களை வெக்கையில கூட்டிவாறதோ எண்டு வதனி ஒரே பிடி. அதான் நீங்கள் வாறதுக்கு முதல் நாள் பின்னேரம் தம்பி அவன்ரை நாலையும் கழட்டி இதுக்குப் போட்டான். என்ரை பழசை அவன் போட்டுக்கொண்டு வேலைக்குப் போறான். நீங்கள் திரும்பிப் போகுமட்டும் அப்பிடியே இருக்கட்டும் எண்டான்."

"நான் கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"அத்தான்ரை காரில குறை எண்டு அவன் வாயால சொல்லுவானோ? நான் சொல்லியிருக்கவேணும். வெக்கமாப் போச்சுது." போன மாசியில் பெரும்போக அறுவடையின்போது மூட்டை ஏற்றிவந்த அவசரத்தில் மதகுக் கல்லில் மோதியிருக்கிறார். "அடியில ஏதோ தட்டின சத்தம் கேட்டது. பிறகு ஓடுதுதானே எண்டு விட்டிட்டன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த மொட்டை டயர் சொன்னது அத்தனையும் உண்மை. எந்த வண்டியைப் பற்றிச் சொன்னது என்றுதான் நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் குனியாமல் என் பெண்ணைக் கெடுத்தேன், இன்றைக்குக் குனிந்து பார்த்தும் கெடுத்துவிட்டேன். அவன் விற்றுவிட்டதாக நான் கணக்குப்போட்ட டயர்கள்மேல்தான் விமான நிலையத்திலிருந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. வாய்விட்டு, "நான் ஒரு மடையன்" என்றேன். யோகன் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "ஓம் அண்ணை" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வயலைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் எடுக்காமல், மாட்டுவண்டி வேகத்தில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் பூரணிக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். டயர், ஏசி, மஞ்சள் எழுத்து, எல்லாம். முடித்ததும், "நான் நேத்தே அவர்கிட்ட சொல்லிட்டேன்ப்பா" என்றாள்.

"எப்போ?"

"நீங்க வச்ச உடனே."

காலையில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிவந்த கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. "இப்போ ஃபோன் பண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"மாட்டேன்" என்றாள். என் மகள் என்னிடம் இப்படி அழுத்திப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு மனுஷன்கிட்ட ஒரு வாரத்துல ரெண்டு விதமா நான் பேசமாட்டேன். டயரைப் பார்த்து வேண்டாம்னீங்க, இப்ப டயரைப் பார்த்து வேணும்ங்கிறீங்க. அவரைப் பார்த்தீங்களாப்பா? நீங்களே கேளுங்க. அவர் முடியாதுன்னா அதையும் நீங்களே கேட்டுக்குங்க." வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

வதனி பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். பாண் என்றால் ரொட்டி. இறங்கவில்லை. ஐந்தரை மணிவரை நான் உட்காரவும் இல்லை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்த நடையில் அந்த வீட்டு முற்றத்தில் எனக்கென்று ஒரு தடமே விழுந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ ரவுடி வண்டிக்காரர்களை எதிர்த்து அறிக்கை எழுதியவனுக்கு, ஒரு மெக்கானிக் பையன் வேலையிலிருந்து வருவதை நினைத்துப் பயம்.

நிரோஷன் வந்து காரை நிறுத்தினார். வழக்கம்போல மரியாதையாகச் சிரித்தார். நான் நேராகவே கேட்டேன்.

"தம்பி, நான் பூரணிகிட்ட வேண்டாம்னு சொன்னது உங்களுக்கு நேத்தே தெரியும், இல்லையா?"

"ஓம்."

"தெரிஞ்சுமா இன்னைக்குக் காலையில காத்துப் பார்த்தீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன அங்கிள்? நீங்கள் ரோட்டில போறனீங்கள் தானே."

அவருடைய காரின் பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, அவர் புது டயர்களை விற்றுவிட்டார் என்று நினைத்ததைச் சொன்னேன். சொல்லாமல் மழுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"வித்திருந்தால் ஏசி பூட்டியிருப்பன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். வாசல்படியில் நின்ற வதனிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பூரணி உங்ககிட்ட ரெண்டாம் தடவை பேசமாட்டாளாம். நான்தான் கேட்கணுமாம். தப்புப் பண்ணினவன் நான்தானே. என் பொண்ணைக் கட்டிக்கிறீங்களா தம்பி? இஷ்டமில்லைன்னா சொல்லுங்க, கோபிக்கமாட்டேன்."

நிரோஷன் கைத்துணியை எடுத்து, கறையே இல்லாத கையைத் துடைத்தார். "இரவு முழுக்க நித்திரை இல்லை அங்கிள். நான் என்ன பிழை விட்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்" என்றார். "ஒரு சொல் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் வெகுநேரம் அந்தத் துணியையே மடித்துக்கொண்டிருந்தார். "அவவுக்கு நான் ஓமெண்டு சொல்லி ரெண்டு வருசம். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னாப்போல அது இல்லையெண்டு ஆகுமோ?" என்று சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தார். "ரயரை மாத்துவம். இருட்டுறதுக்கு முன்னம் முடிக்கவேணும்."

எட்டுச் சக்கரத்தையும் கழற்றினோம். நான் நட்டுகளைக் கழற்றிக் கொடுக்க, அவர் தூக்கி மாற்றினார். மஞ்சள் எழுத்துப் போட்ட நாலும் அவருடைய சாம்பல் காருக்கே திரும்பின. யோகனின் காருக்கு நான் வாய்மொழியாக ஓர் அறிக்கை கொடுத்தேன். கீழ்க்கையை மாற்றி, சக்கரத்தின் சாய்வை அளந்து சரிசெய்து, புது டயர் போடும்வரை வாசலைத் தாண்டக்கூடாது. யோகன், "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அவருக்கு இனி வேலைக்கு சைக்கிள்தான்.

அப்போதுதான் வதனிக்கு அடுத்த கவலை வந்தது. "நாளைக்கு அண்ணை எதில ஏர்போட் போறது? தம்பியின்ரை காரில ஏசி இல்லையே. இந்தக் கச்சானுக்கு ஆறு மணித்தியாலம், ஏலாது."

"ஜன்னலை இறக்கிக்கிடலாம்" என்றேன்.

நிரோஷன் ஃபோன் செய்து லீவு சொன்னார். இந்தத் தடவை கிடைத்துவிட்டது. காலையில் வதனி வழிக்கென்று இடியப்பமும், ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சொதியும் கட்டித் தந்தார். "இது சும்மா சொதி அண்ணை. உங்கட மறுவீட்டுச் சொதி, நீங்கள்தான் எங்களுக்குத் தரவேணும்" என்றார். தருகிறேன் என்றேன். பூரணிக்கு, "கேட்டேன். ஓம் என்றார்" என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அவளிடமிருந்து வந்த பதில் எனக்கு இல்லை, நிரோஷனுக்கு. அவர் அதைப் படித்துவிட்டு ஃபோனைச் சட்டைப்பையில் வைத்து, பைக்குப் பொத்தானும் போட்டார்.

முன்சீட்டில் உட்கார்ந்தேன். வழக்கம்போல அவருடைய கையைப் பார்த்தேன், ஸ்டீயரிங்கைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். வெக்கைக் காற்று நாலு ஜன்னல் வழியாகவும் வந்து முகத்தில் அடித்தது. ஊர் எல்லையில் ஒரு மான் குறுக்கே போனதும், அவர் மெதுவாக நிறுத்தி அது போகும்வரை காத்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு காட்டு ரோட்டில் யானைகள் வந்தனவா, தேத்தண்ணிக் கடை வந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. யாரோ தோளைத் தொட்டு அசைத்தார்கள். கண்ணைத் திறந்தால் மடியில் சொதி ஃபிளாஸ்க் திறக்காமல் அப்படியே இருந்தது.

"எழும்புங்கோ மாமா, ஏர்போட் வந்திட்டுது."